அகல முதுகு, இளம் வயது: எந்தச் சேணம் நிற்கும்?

பிராக்கனின் முதுகில் வாழை இலை விரித்து இரண்டு பேருக்குப் பந்தி வைக்கலாம். நாலு வயது ஹைலண்ட் போனி. உயரம் 13.2 ஹேண்ட், அதாவது தோள்மேடு வரை 137 சென்டிமீட்டர். ஸ்காட்லாந்து மலைகளில் வேட்டையாடிய மானை முதுகில் ஏற்றிக் கீழே இறக்குவதற்குப் பயன்பட்ட இனம். சுமைக்கு நல்ல முதுகு, சேணத்துக்குத் தொல்லை பிடித்த முதுகு.

போன ஏப்ரலில் மகள் இடது காலை அங்கவடியில் வைத்து எழும்பினாள். சேணம் அவசரமே படாமல் பக்கவாட்டில் சுழன்று அவன் விலாவுக்கு வந்து நின்றது. அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள். பிராக்கன் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தான். அவன் சுபாவம் எங்களைக் காப்பாற்றியது. வேறோர் இளங்குதிரையாக இருந்தால் வயிற்றுக்கடியில் தொங்கும் சேணத்தோடு மிரண்டு வேலிக்கு வேலி ஓடியிருக்கும்.

லாயத்தில் எல்லோரும் சொன்னது ஒரே யோசனை: வயிற்றுப்பட்டையை இன்னும் இரண்டு துளை இறுக்குங்கள். இரண்டு வாரம் இறுக்கினோம். மூன்றாவது வாரம் சேணத்தைக் கையில் எடுத்தாலே காதைப் பின்னால் மடக்கினான். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. பட்டையின் இறுக்கத்தில் மட்டும் நிற்கிற சேணம் பொருந்தாத சேணம். பட்டையே கட்டாமல் முதுகில் வைத்தாலும் ஓரளவு தன் இடத்தில் உட்கார வேண்டும். பட்டை வெறும் துணைக்குத்தான்.

ஆகவே உட்கார்ந்து ஒவ்வொரு வகையாகப் பார்த்தேன். ஹைலண்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமில்லை, ஃபெல், டேல்ஸ், வெல்ஷ் செக்‌ஷன் சி, ஹாஃப்லிங்கர் போன்ற அகல முதுகு இனங்களை வைத்திருப்பவர்களுக்கும் கதை கிட்டத்தட்ட இதேதான்.

முதலில் முதுகு

நாம் படங்களில் பார்க்கும் பந்தயக் குதிரைக்குத் தோள்மேடு உயர்ந்து, இரு பக்கமும் கூரை போலச் சரியும். தலைகீழ் வி வடிவம். அதன் மேல் வைக்கும் சேணம் தானாகவே பிடித்துக்கொள்ளும். பிராக்கன் போன்ற போனிக்குத் தோள்மேடு என்று ஒன்று இருக்கிறதா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். முதுகு தட்டை, விலா பீப்பாய். உரலைப் படுக்கப் போட்டு அதன் மேல் மணையை வைத்தால் எப்படி உருளுமோ அப்படித்தான் அங்கே சேணம் உருளும்.

இதோடு இன்னும் மூன்று தொல்லைகள் சேர்கின்றன. ஒன்று, வயிற்றுப்பட்டை போய் உட்காரும் பள்ளம் இந்தப் போனிகளுக்கு முன்னங்காலை ஒட்டி முன்னால் இருக்கும். பட்டை அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகும்போது சேணத்தையும் தோளுக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு, இளம் வயது. வளரும் குதிரைக்குப் பின்புறம் முன்புறத்தைவிட உயரமாக இருக்கும் மாதங்கள் உண்டு. அப்போது சேணம் இறக்கத்தில் நிற்கும் வண்டி மாதிரி முன்னால் வழியும். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து, ஆறு வயது ஆகும் என்பதால் இன்றைக்கு எடுத்த அளவு அடுத்த வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை. மூன்று, புல். மலைநாட்டுப் போனிகள் காற்றைக் குடித்தே கொழுக்கும் சாதி. வசந்தகாலப் புல் முளைத்ததும் பிராக்கன் பிப்ரவரியில் இருந்த ஆளே இல்லை. (மே மாதத்தில் சேணம் பத்தவில்லை என்றால் பெரிய சேணம் வாங்குவதற்கு முன் மேய்ச்சலைக் குறைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். இந்த இனங்களுக்குக் குளம்பு அழற்சி சுலபமாக வரும். சேணக்கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.)

அளவு எடுப்பது

வரைகலை மாணவர்கள் வைத்திருக்கும் வளையும் அளவுகோல் ஒன்று போதும். போனியைச் சமதரையில் நாலு காலும் சதுரமாக இருக்கும்படி, தலை நேராக இருக்கும்படி நிற்க வையுங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் அளவுகோலை முதுகின் குறுக்கே வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். முதுகின் தாழ்வான இடத்தில் ஒன்று, கடைசி விலா எலும்பு முதுகைத் தொடும் இடத்தில் இன்னொன்று. பிறகு தோள்மேட்டிலிருந்து நீளவாக்கில் ஒன்று. தேதி போட்டு வையுங்கள்.

கடைசி விலாவைக் கண்டுபிடிப்பது முக்கியம். குதிரைக்குப் பொதுவாகப் பதினெட்டு ஜோடி விலா. சேணத்தின் எடை அந்தப் பதினெட்டாவது விலாவுக்குப் பின்னால் போகக் கூடாது. அங்கே எடையைத் தாங்க விலாக்கூடு கிடையாது. பிராக்கனின் முதுகு அகலம்தான், நீளம் இல்லை. தோள்பட்டைக்கும் கடைசி விலாவுக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தை அளந்து பார்த்தபோது எங்கள் பழைய 17½ அங்குலச் சேணம் அதில் அடங்கவே இல்லை. அகலத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம், நீளத்தில் கோட்டை விட்டிருந்தோம்.

லாயத்தில் சும்மா கிடக்கும் தோல் சேணம்

எல்லோரிடமும் ஒன்று இருக்கும். "இது வைட் சைஸ்தான்" என்று கொடுப்பார்கள். சேணம் செய்பவர்களிடையே வைட் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. ஒருவரின் வைட் இன்னொருவரின் மீடியம். பழைய சேணத்தில் உள்ளே இருக்கும் சட்டம் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. இலவசம் என்பதைத் தவிர இதற்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குறுகலான சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். பத்தாத சட்டைக்குள் பனியன் போட்டால் சட்டை பெரிதாகிவிடுமா?

தகடு மாற்றும் சிந்தெடிக் சேணம்

இளங்குதிரைக்கு எல்லோரும் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான், காரணத்தோடுதான். சேணத்தின் முன்பக்கம் தோள்மேட்டைச் சுற்றி வளையும் உலோகத் தகட்டை ஸ்க்ரூ கழற்றி மாற்றலாம். வின்டெக் சேணத்தில் தகடுகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள்: மஞ்சள் மிகக் குறுகல், அப்புறம் பச்சை, கறுப்பு, நீலம், சிவப்பு என்று போய் வெள்ளையில் மிக அகலம். எடை குறைவு, ஈரத்துணியால் துடைத்தால் போதும், விலை சில நூறு பவுண்டில் முடியும்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். இரவல் வாங்கிய சாதாரணச் சிந்தெடிக் சேணத்தில் இருப்பதிலேயே அகலமான தகட்டைப் போட்டேன். தோள் பக்கம் சரியாகிவிட்டது. நடக்கவிட்டால் பழையபடி ஆட்டம். ஏன் என்று புரிய ஒரு வாரம் ஆனது.

சேணத்தின் எலும்புக்கூட்டை ஆங்கிலத்தில் மரம் என்றே சொல்வார்கள், ஒரு காலத்தில் மரத்தில் மட்டும் செய்ததால். நான் சட்டம் என்று சொல்கிறேன். தகட்டை மாற்றும்போது அந்தச் சட்டத்தின் முன்முனைகள் மட்டும்தான் விரிகின்றன. பின்னால் ஓடும் இரண்டு பக்கச் சட்டங்களின் சாய்வும் வளைவும் அப்படியே இருக்கும். சாதாரணச் சேணத்தின் சட்டம் கூரை முதுகுக்கு ஏற்பச் செங்குத்தாகச் சரிந்தது; நடுவில் தொட்டில் மாதிரி குழிந்தது. அதைத் தட்டை முதுகில் வைத்தால் அடிமெத்தையின் உள்விளிம்போ வெளிவிளிம்போதான் முதுகைத் தொடும். முன்னும் பின்னும் ஊஞ்சல். கதவை மட்டும் அகலப்படுத்திவிட்டு அறை பெரிதாகிவிட்டது என்று நம்பிய கதை.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சேணத்தை மெத்தை விரிப்பு இல்லாமல் வெறும் முதுகில் வைத்து, முன்பக்கத்தை ஒரு கையாலும் பின்பக்கத்தை மறு கையாலும் மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் சட்டத்தின் வளைவு ஒத்துவரவில்லை. பிறகு அடிமெத்தைக்குக் கீழே உள்ளங்கையை முன்னிருந்து பின்வரை நகர்த்துங்கள். கை ஓரிடத்தில் நசுங்கி ஓரிடத்தில் காற்றாக இருந்தால் அதுவும் அதே செய்திதான்.

அகல முதுகுக்கென்றே வளைத்த சட்டம்

இங்கே பிரிட்டன் கடைகளில் காப் சேணம் என்ற பெயரில் கிடைக்கும். காப் என்றால் கட்டையான, உருண்டு திரண்ட குதிரை. இந்தச் சேணத்தின் முன்வளைவு தலைகீழ் யு வடிவம். பக்கச் சட்டங்கள் படுத்தவாக்கில் இருக்கும். நீளவாக்கில் வளைவு குறைவு. அடிமெத்தை அகலம், நடுவில் முதுகெலும்புக்கு விடும் இடைவெளியும் தாராளம். மூன்று நாலு விரல் நுழைய வேண்டும். தோரோகுட் நிறுவனத்தின் டி4 வரிசையில் சிந்தெடிக்கில் உண்டு, கென்ட் அண்ட் மாஸ்டர்ஸ் தோலில் செய்கிறது. இரண்டிலும் முன்தகட்டை மாற்றலாம். வின்டெக்கிலும் அகல முதுகுக்குத் தனி மாடல்கள் உண்டு. நான் இரவல் வாங்கியது அதில்லை. அடிப்படை வடிவம் சரியாக இருந்து, அதன் மேல் மாற்றும் வசதியும் இருப்பதால் வளரும் போனிக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

இந்தச் சேணங்களில் இன்னொரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள்: வயிற்றுப்பட்டையை மாட்டும் வார்கள். சாதாரணச் சேணத்தில் நடுவில் இரண்டு மூன்று வார் தொங்கும். காப் சேணத்தில் பெரும்பாலும் முன்முனையிலிருந்து ஒன்று, பின்பக்கத்திலிருந்து ஒன்று வரும்படி மாற்றிக்கொள்ளலாம். முன்வார் சேணத்தின் முன்பகுதியைப் பிடித்து நிறுத்தும். பின்வார் பின்பகுதி எம்பாமல் பார்த்துக்கொள்ளும். பிராக்கனுக்கு எந்த வாரில் மாட்டுகிறோம் என்பதை மாற்றியதிலேயே பாதி வழுக்கல் நின்றது. வயிற்றுப்பட்டையைக்கூட நேர்ப்பட்டையிலிருந்து நடுவில் முன்பக்கம் வளைந்ததாக மாற்றினோம். அது முன்னால் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்தபடியே, மேலே வார்களைச் சற்றுப் பின்னால் விட்டுவைக்கும்.

குறையும் உண்டு. சேணம் அகலமாகும்போது உட்காருபவரின் தொடைக்கு நடுவில் வரும் பகுதியும் அகலமாகும். குட்டையான குழந்தைக்கும் இடுப்பு இறுகியவர்களுக்கும் முக்காலியில் கால் பரப்பி உட்கார்ந்தது போல இருக்கும். ஆள் நிலைகொள்ளவில்லை என்றால் சேணம் நிலைத்து என்ன பயன்? சில மாடல்கள் அடியில் அகலமாக இருந்தாலும் உட்காரும் இடத்தை ஒடுக்கிச் செய்திருக்கின்றன. வாங்கும் முன் ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து, நடந்து, துள்ளுநடையும் போய்ப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பயத்தில் அளவுக்கு மேல் அகலமாக வாங்கிவிடாதீர்கள். அப்போது முன்பக்கம் கீழே அமர்ந்து தோள்மேட்டில் இடிக்கும். ஆள் உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடம் இருக்கிறதா என்பதே கணக்கு.

சட்டமே இல்லாத சேணம்

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் லாயம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். உள்ளே சட்டம் கிடையாது, தோலும் நுரையும் மட்டும். எந்த முதுகுக்கும் படியும், போனி வளர்ந்தால் கூடவே மாறும் என்பது வாதம். உருண்டை முதுகுக்குக் கடையில் எதுவும் கிடைக்காமல் அலைந்தவர்கள் கடைசியில் இங்கே வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியின் பேர்ஃபுட் சேணம் எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று பேரிடம் இருக்கிறது.

நானும் ஒரு மாதம் இரவல் வாங்கிப் பார்த்தேன். பிராக்கனுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன், நடை நீண்டது. ஆனால் எங்கள் பிரச்சினையே உருளல். சட்டம் இல்லாத சேணத்துக்கு முதுகைப் பிடிக்க முன்முனை என்று எதுவும் இல்லை. தோள்மேடும் இல்லாத போனியில் அது நிற்பது முழுக்க ஓட்டுபவரின் சமநிலையால்தான். பல வருடம் ஓட்டியவர் மேடையில் ஏறி, சமமாக உட்கார்ந்து போனால் நிற்கிறது. பதிமூன்று வயதுப் பெண், அதுவும் வலது பக்கம் கொஞ்சம் சாய்கிற பழக்கம் உள்ளவள், ஓட்டினால் சேணமும் கூடவே சாய்கிறது.

எடை பரவுவதும் ஒரு கேள்வி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கிளேட்டன் குழுவினர் அழுத்தம் அளக்கும் விரிப்பை அடியில் வைத்து, உட்கார்ந்தபடி துள்ளுநடையில் ஓட்டிப் பார்த்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சட்டம் உள்ள சேணம் எடையை அகலமான பரப்பில் பரப்பியது. சட்டமில்லாததில் அழுத்தம் கூடுதல், அதுவும் ஓட்டுபவர் உட்காரும் இடத்துக்கு அடியில் குவிந்தது. அதனால்தான் இந்தச் சேணங்களுக்கு, நடுவில் முதுகெலும்புக்கு இடைவெளி விட்ட தனி விரிப்பு கட்டாயம் என்கிறார்கள். அந்த விரிப்பின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு விஷயம் ஒன்று, குழந்தைகள் ஓட்டுவதால் அழுத்திச் சொல்கிறேன். சாதாரணச் சேணத்தில் அங்கவடியின் வார் பின்பக்கம் திறந்த ஓர் இரும்புக் கொக்கியில் தொங்கும்; விழுந்து கால் மாட்டிக்கொண்டால் வார் பின்னால் வழுக்கிக் கழன்றுவிடும். சட்டமில்லாத சில சேணங்களில் அதற்குப் பதிலாக மூடிய வளையம்தான் இருக்கிறது. வார் கழலாது. அப்படிப்பட்டதை வாங்கினால் கால் மாட்டாமல் தானே திறக்கும் பாதுகாப்பு அங்கவடி இல்லாமல் குழந்தையை ஏற்றவே கூடாது.

மற்றவை

நாலைந்து வயதுக் குழந்தையை ஷெட்லாண்ட் போனியில் வைத்து, பெரியவர் கயிறு பிடித்துக் கூடவே நடப்பதாக இருந்தால் அழுத்திய தடித்த கம்பளியில் செய்த சின்னச் சேணமே போதும், முன்னால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு கிடைக்கும். வெஸ்டர்ன் சேணத்தில் ஹாஃப்லிங்கருக்கென்றே அகலச் சட்டம் செய்கிறார்கள். எடை அதிகம், நாலு வயதுப் போனிக்கு நான் வைக்க மாட்டேன்.

அளவெடுத்துச் செய்யும் தோல் சேணம்தான் கடைசிக் கனவு. இங்கிலாந்தில் வால்சால் ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அந்த ஊர்க் கால்பந்து அணிக்கே சேணக்காரர்கள் என்றுதான் பட்டப்பெயர். உள்ளே கம்பளி அடைத்திருப்பதால் முதுகு மாறும்போது கம்பளியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். ஆனால் கம்பளி சின்ன மாற்றத்தை ஈடுகட்டும், சட்டத்தின் அகலத்தை மாற்றாது. ஆயிரம் பவுண்டுக்கு மேல் கொட்டி, அடுத்த கோடையில் பத்தாமல் போனால்? வளர்கிற பிள்ளைக்குப் பட்டு வேட்டி சட்டை தைப்பது மாதிரி. ஏழு வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

சேணம் சரி, இன்னும் வழுக்குகிறதா?

முன்னால் வழிகிற போனிக்கு வால்வார் கட்டலாம். சேணத்தின் பின்பக்கத்திலிருந்து போய் வாலடியைச் சுற்றிவரும் வார். பார்க்கப் பழங்காலத்துச் சாமான் மாதிரி இருந்தாலும் குட்டைப் போனிகளுக்கு இன்றும் இதுவே கைகண்ட வைத்தியம். இளங்குதிரைக்கு முதலில் ஆள் ஏறாமல், தரையிலிருந்து நடத்திப் பழக்க வேண்டும். வாலுக்கடியில் திடீரென்று ஏதோ தொட்டால் எட்டி உதைக்கும். ரப்பர் விரிப்புகள் ஓரளவு பிடிக்கும், ஆனால் சேணம் உருள முயலும்போது தோலையும் ரோமத்தையும் சேர்த்து இழுக்கும். தற்காலிகம் என்ற அளவில் சரி. தரையிலிருந்து ஏறுவதை அடியோடு விட்டுவிட்டு மேடை வைத்து ஏறுங்கள், செலவே இல்லாத மருந்து.

எப்போதும் ஒரே பக்கமாக வழுக்கினால் சேணத்தைத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நியூமார்க்கெட்டில் சூ டைசனும் அவருடைய சக ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்கால் நொண்டும் குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் சேணம் ஒரு பக்கம் சரிந்தது. காலை மரத்துப்போகச் செய்து நொண்டல் மறைந்ததும் சரிவும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் மறைந்தது. கண்ணுக்கு நொண்டலே தெரியாத குதிரைகூட முதுகில் அதைக் காட்டிக்கொடுக்குமாம்.

நாங்கள் எடுத்த முடிவு

தகடு மாற்றும் சிந்தெடிக் காப் சேணம், 16½ அங்குலம், இரண்டாம் கை. சேணம் வாங்குவதில் மிச்சம் பிடித்த பணத்தை, சேணத்தை முதுகுக்குப் பொருத்திக் கொடுக்கும் ஃபிட்டருக்குக் கொடுத்தோம். பிரிட்டனில் 1966 முதல் இயங்கும் மாஸ்டர் சாட்லர்ஸ் சங்கத்தில் தகுதி பெற்ற ஃபிட்டர்களின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து ஒருவரை அழைத்தோம். நான் போட்டுவைத்த தகட்டை ஒரு அளவு குறைத்தார். பயத்தில் அகலமாகப் போட்டிருந்தேன், மேலே எழுதியிருக்கும் எச்சரிக்கை அங்கே கற்றதுதான். இளம் போனி என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்.

உங்கள் போனி வளர்ந்து முடிந்தது, ஓட்டுபவர் பெரியவர், நல்ல சமநிலை என்றால் சட்டமில்லாததை நான் எதிர்க்க மாட்டேன். போனிக்கு ஏழெட்டு வயதாகி, கோடையிலும் குளிரிலும் ஒரே உருவமாக இருக்கிறது என்றால் தோலுக்குப் போங்கள். நாலு வயதும் குழந்தையும் சேர்ந்தால் என் பணம் காப் சேணத்தின் மேல்தான்.

இப்போது ஒவ்வொரு சவாரிக்கும் பிறகு சேணத்தை எடுத்ததும் முதுகின் வியர்வைத் தடத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இரு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவில் உள்ளங்கையளவு உலர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்பட வேண்டும். சேண அறைச் சுவரில் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி வைத்திருக்கிறேன். ஜூலைக் கோடு மற்ற இரண்டையும் விட்டுக் கட்டைவிரல் அகலம் வெளியே நிற்கிறது. ஜனவரி அட்டைக்கு ஆணி அடித்தாகிவிட்டது.